நிலவா, செவ்வாயா: பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி

சந்திரயான்-3 இறங்கியதிலிருந்து பினாங்கில் எங்கள் வட்டாரத்து இளைஞர் பட்டிமன்றங்களில் ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: ‘மனிதன் முதலில் குடியேற வேண்டியது நிலவிலா, செவ்வாயிலா?’ கோயில் மண்டபத்திலும் வருகிறது, தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் வருகிறது. இரண்டு அணியும் முதல் நாள் இரவு கைப்பேசியில் தேடியதை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவார்கள். ஓர் அணி ‘நிலா பக்கத்தில் இருக்கிறது’ என்னும். இன்னோர் அணி ‘செவ்வாயில் காற்று இருக்கிறது’ என்னும். நடுவே இரண்டு சினிமாப் பாட்டு, ஒரு மாமியார் நகைச்சுவை. நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் யாரும் எதையும் நிரூபிக்கவில்லை.

அதைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்யலாம். நான் ஆசிரியை இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் உதிரிப் பாகம் எண்ணியே தலை நரைத்தவள். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ‘ஆண்ட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் கட்சி நிலாக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நிலாவுக்கு ஆதரவாக மேடையில் சொல்லப்படுவதில் பாதி தேறாது என்பதும் எனக்குத் தெரியும். தேறுவது எது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்வதுதான் இந்தப் பயிற்சி.

முதலில் நடுவருக்கு ஒரு போன்

எத்தனை பேர், எத்தனை காலம், திரும்பி வருவார்களா? இந்த மூன்றுக்கும் நடுவர் என்ன நினைக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான்கு பேர் ஆறு மாதம் தங்குவது ஒரு விஷயம். குழந்தை குட்டியோடு ஊர் அமைப்பது முற்றிலும் வேறு விஷயம். இதைப் பேசி வைக்காவிட்டால் ஓர் அணி கூடாரத்தைப் பற்றிப் பேசும், மற்ற அணி நகரத்தைப் பற்றிப் பேசும். பெரும்பாலான நடுவர்கள் ‘நீங்களே முடிவு பண்ணுங்கம்மா’ என்பார்கள். அப்படியானால் இரண்டு அணியையும் உட்காரவைத்து, சின்னக் கூட்டம் ஒன்று மாறி மாறிப் போய்த் தங்கும் நிரந்தர முகாம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாதம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

கிலோமீட்டரை விட்டுவிட்டு நாட்களை எண்ணச் சொல்லுங்கள்

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று ஒரு பையன் ஒப்பிப்பான். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. நாட்களாக மாற்றச் சொல்லுங்கள். 1969 ஜூலை 16-இல் புறப்பட்ட அப்பல்லோ 11, 20-ஆம் தேதி நிலவில் இறங்கிவிட்டது. செவ்வாய்க்கு ஒரு வழிக்கே ஆறு முதல் ஒன்பது மாதம். அதுவும் நினைத்தபோது கிளம்ப முடியாது. பூமியும் செவ்வாயும் தோதான நிலைக்கு வருவது ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறை. போய்ச் சேர்ந்தவர்களும் திரும்பும் வழி திறக்கும்வரை பொதுவாக 500 நாள் அளவில் அங்கேயே காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் இரண்டரை முதல் மூன்று ஆண்டு.

பேச்சுக்கும் இதே கதைதான். நிலவுக்கு வானொலி அலை ஒன்றேகால் நொடியில் போய்விடும். செவ்வாய்க்கு 3 முதல் 22 நிமிடம், பதில் வர அதே அளவு இன்னொரு முறை. சூரியன் நடுவில் வந்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் ஒழுங்கான தொடர்பே இருக்காது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய பிறகு நான் ஒரு பயிற்சி வைப்பேன். மொத்தத் தயாரிப்பிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள், மற்றதைக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒரு தாளில் உடையக்கூடிய சாமான்களை எழுதுங்கள்: சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் கருவியின் பம்ப், கரியமில வாயுவை இழுக்கும் கருவியின் வால்வு, விண்வெளி உடையின் கையுறை, மின்கம்பி இணைப்பு. கடைசியாக ஒருவருடைய கடைவாய்ப் பல். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். அனைத்துலக விண்வெளி நிலையம், நிலவு, செவ்வாய். ஒவ்வொன்றிலும் ‘மாற்றுப் பொருள் எப்போது வரும், ஆள் எப்போது வீடு திரும்பலாம்’ என்று நிரப்பச் சொல்லுங்கள்.

விண்வெளி நிலையம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றுகிறது. சரக்குக் கலம் ஆண்டுக்குச் சில முறை போகிறது, ஆபத்தென்றால் ஆட்கள் அன்றைக்கே தரையிறங்கிவிடலாம். நிலவில் ராக்கெட் தயாராக இருந்தால் நாலைந்து நாள். செவ்வாய்க் கட்டத்தில் பென்சில் நிற்கும். வழி அப்போதுதான் மூடியிருந்தால் 26 மாதம் காத்திருந்து, அதற்கு மேல் பயண மாதங்கள். ஒரு படிவம் நான்கு மாணவி இந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்து, “அப்போ எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடுத்துட்டுப் போயிடணும், ஆண்ட்டி” என்றாள்.

“எதுல ரெண்டு, எதுல நாலும்மா?”

அவளுக்கு உடனே பதில் வரவில்லை. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்திருக்காது. தொழிற்சாலையில் ஒரு புது மெஷின் வந்து இறங்கும்போது, அதை விற்றவர்களே ‘இந்த ஸ்பேர்களை ஸ்டாக் வையுங்கள்’ என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். முதல் வருடம் அந்தப் பட்டியலில் இருக்கும் விலையுயர்ந்த மோட்டார் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். பட்டியலிலேயே இல்லாத ஒரு ரப்பர் வளையம் மாதா மாதம் கிழிந்து லைனை நிறுத்தும். எது எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. மெஷினை ஓடவிட்டு, உடைவதைப் பதிவேட்டில் எழுதி, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை சரக்கு அனுப்பும் ஃபார்வர்டரைக் கெஞ்சி, விமானச் சரக்கில் வரவழைத்துச் சமாளிக்க வேண்டும். 2020-இல் எம்.சி.ஓ. என்ற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சரக்கெல்லாம் தேங்கிய மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பழைய பதிவேடுதான்.

நிலாக் கட்சியின் ஒரே உறுதியான தூண் இதுதான் என்பது என் முடிவு. நிலவு செவ்வாய்க்குப் போகும் வழியில் உள்ள சத்திரம் இல்லை. உடைந்தால் நாலைந்து நாளில் உதவி கிடைக்கும் தூரத்தில் வைத்து, எதெல்லாம் உடைகிறது என்று எழுதி வைக்க உதவும் இடம். இந்த ஒரு கருத்தை அணித்தலைவர் தன் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

சான்றுக்கு அப்பல்லோ 13 போதும். 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேரும் நிலவிறங்கு கலத்துக்குள் ஒதுங்கி, நிலவைச் சுற்றிக்கொண்டு, வெடித்து நான்கு நாளுக்குள் பசிபிக் கடலில் வந்து விழுந்தார்கள். அந்த நான்கு நாளுக்கே தண்ணீரும் மின்சாரமும் இழுபறியாகத்தான் இருந்தன. அதே வெடிப்பு செவ்வாய்ப் பாதையில் மூன்றாம் மாதத்தில் நடந்திருந்தால் என்று கேட்டுவிட்டு, பேச்சாளர் கொஞ்சம் நிறுத்தட்டும். பாட்டெல்லாம் தேவையில்லை.

எரிபொருள் வாதத்தைப் பிள்ளைகளே உடைக்கட்டும்

‘நிலவில் இறங்கி, பனிக்கட்டியிலிருந்து எரிபொருள் எடுத்து, அங்கிருந்து செவ்வாய்க்குப் போகலாம்’ என்று எல்லா நிலா அணியும் சொல்லும். எதிரணியில் விவரமான பிள்ளை ஒன்று இருந்தால் இந்த இடத்தில் கிழித்துவிடும். அது மேடையில் நடப்பதற்குப் பதில் பயிற்சியிலேயே நடக்கட்டும்.

விண்வெளியில் செலவு தூரத்துக்கு இல்லை, வேக மாற்றத்துக்கு. பூமியின் தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து கிளம்பி நிலவுத் தரையில் மெதுவாக இறங்க, மொத்தம் நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். அதே இடத்திலிருந்து செவ்வாயை நோக்கிப் புறப்பட 4 கிலோமீட்டருக்கும் கீழே போதும். போய்ச் சேர்ந்ததும் பெரும்பகுதி பிரேக்கை அங்குள்ள மெல்லிய காற்றே போட்டுவிடும். நிலவில் காற்றில்லை, கடைசி மீட்டர் வரை எரிபொருளை எரித்துத்தான் இறங்கியாக வேண்டும். ஆக, செவ்வாய்க்குப் போகிற கலம் நிலவுத் தரையில் இறங்கி ஏறினால் அது சேமிப்பு இல்லை, வீண் செலவு. நிலவுப் பனியில் எரிபொருள் செய்து, அதை மேலே ஏற்றி, சுற்றுப்பாதையில் வைத்துக் கொடுத்தால் மட்டுமே அந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும். அந்தப் பனியை இதுவரை யாரும் தோண்டி எடுத்ததில்லை. 2008-இல் கிளம்பிய சந்திரயான்-1 தந்த தரவிலும், 2009 அக்டோபரில் நாசா கெபேயஸ் பள்ளத்தில் கலத்தை மோதவிட்டுப் பார்த்ததிலும் நீர் இருப்பது தெரிந்தது. அது மட்டும்தான் கையில் இருக்கிறது.

நிலவு மண்ணில் இருக்கிறது, அணு இணைவு உலைக்கு எரிபொருளாகும் என்று சொல்லப்படும் ஹீலியம்-3 வாயுவைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் அதை எரித்து மின்சாரம் தரும் உலை எங்கே இருக்கிறது என்று ஒரே கேள்வி கேளுங்கள், அடங்கிவிடும்.

செவ்வாய் அணியின் பேச்சை நீங்களே எழுதிக் காட்டுங்கள்

எதிரியின் வாதத்தை அவர்களைவிட நன்றாகப் பேசிப் பழகாமல் மேடைக்கு அனுப்பாதீர்கள். செவ்வாய்க் கட்சிக்கு நான் எழுதிக் கொடுப்பது இந்த வரிசையில் இருக்கும்.

நிலவில் பகல் ஏறக்குறைய 14 நாள், இரவு 14 நாள். அந்த இரவின் குளிரைத் தாண்டுவது பெரிய பாடு. 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் ஒரு நிலவுப் பகல் முழுக்க வேலை செய்தது, அடுத்த விடியலில் எழவில்லை. அதற்கு மேல் உழைக்க வேண்டும் என்று அதை வடிவமைக்கவும் இல்லை. செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம், நம் உடம்பு பழகிய நாள். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு, நிலவில் ஆறில் ஒரு பங்குதான். செவ்வாய்க் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. பெர்சிவியரன்ஸ் ஊர்தியோடு போன மாக்சி என்ற சின்னக் கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி, அந்தக் காற்றிலிருந்து 122 கிராம் ஆக்ஸிஜன் எடுத்துக் காட்டியது. ஒரு ஆள் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடும் அளவு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வேறொரு கிரகத்தின் காற்றில் மனிதன் முதன்முதலாக ஆக்ஸிஜன் செய்தது அதுதான். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் சுப்ரின் 1990-இலேயே டேவிட் பேக்கருடன் சேர்ந்து இதே காற்றில் திரும்பும் பயணத்துக்கு மீத்தேன் எரிபொருளையும் செய்துகொள்ளலாம் என்று திட்டம் போட்டார். பயிர் வளர்க்க வேண்டிய கார்பனும் நைட்ரஜனும் நிலவில் மிக அரிது.

கதிர்வீச்சிலும் செவ்வாய்க் கட்சிக்கு ஒரு நல்ல அடி இருக்கிறது. செவ்வாய்த் தரையில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சைப் போல நிலவுத் தரையில் சீனாவின் சாங்கே-4 அளந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நிலா அணி உடனே திருப்பி அடிக்கலாம்: தரையில் இருப்பது குறைவுதான், வழியில் வாங்குவது? கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்ததை வைத்துப் பார்த்தால் போய்வரும் பயணத்துக்கு மட்டும் 660 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வருகிறது. நாசா ஒரு வீரருக்கு வைத்திருக்கும் வாழ்நாள் வரம்பே 600 தான். இந்த அடியையும் மறு அடியையும் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்கவைத்துப் பழக்குங்கள், கேட்கவே நன்றாக இருக்கும்.

செவ்வாய்க் கட்சியின் கடைசி ஆயுதம் வரலாறு. எனக்கே பதில் சொல்லக் கஷ்டமானதும் அதுதான். ‘முதலில் நிலா, அப்புறம் செவ்வாய்’ என்று 1989 ஜூலை 20-இல் அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் அறிவித்தார். சில ஆண்டுகளில் திட்டம் மடிந்தது. 2004 ஜனவரியில் மகன் புஷ் அதே வரிசையைச் சொன்னார். அதில் பிறந்த கான்ஸ்டலேஷன் திட்டம் 2010-இல் கைவிடப்பட்டது. அப்பல்லோ 17 நிலவைவிட்டுக் கிளம்பியது 1972 டிசம்பரில். ‘முதலில் நிலா என்றே சொல்லிக்கொண்டிருந்து, நிலவும் இல்லை செவ்வாயும் இல்லை என்று உட்கார்ந்திருந்தீர்களே’ என்று கேட்டால் நிலா அணி என்ன சொல்லும்? நான் சொல்லிக் கொடுக்கும் பதில் இது: அந்தத் திட்டங்கள் செத்தது வரிசையால் இல்லை, செலவால். செவ்வாய்க்கு நேரே போகும் திட்டத்துக்கும் அதே அமெரிக்கப் பாராளுமன்றத்தில்தான் காசு கேட்க வேண்டும். சுமாரான பதில்தான். ஆனால் மேடையில் சும்மா நிற்பதற்கு இது மேல்.

நிலவு கற்றுத் தராதவை

நிலா அணி தன் எல்லையைத் தானே ஒப்புக்கொண்டால் நடுவருக்கு நம்பிக்கை வரும். இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்ளலாம். ஒன்று, இறங்குவது. செவ்வாயின் காற்று கலத்தைச் சுட்டெரிக்கும் அளவுக்குக் கனம், ஆனால் கனமான கலத்தை நிறுத்தும் அளவுக்குப் போதாது. அங்கே இதுவரை இறங்கியதில் மிகக் கனமான வகை ஊர்தி ஏறக்குறைய ஒரு டன். மனிதர்கள் போக அதைப்போல் பல மடங்கு வேண்டும். நிலவில் எத்தனை தடவை இறங்கினாலும் இந்த வித்தை வராது.

இரண்டாவது, தூசி. இதில் பாதி உதவும். அப்பல்லோ வீரர்களின் உடை மூட்டுகளை நிலவுத் தூசி அரித்தது. ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அதனால் மூக்கடைப்பே வந்தது. காற்றும் நீரும் தேய்க்காத துகள் என்பதால் முனை கூராகவே இருக்கிறது. அதைத் தாங்கும் சீல் செவ்வாயிலும் தாங்கும் என்று சொல்லலாம். ஆனால் 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் கண்டது பெர்குளோரேட், தைராய்டைப் பாதிக்கும் உப்பு. அந்தச் சிக்கல் நிலவில் இல்லை.

‘அப்படியென்றால் விண்வெளி நிலையத்திலேயே பழகலாமே, அண்டார்டிக்காவிலேயே பழகலாமே’ என்று கேள்வி வரும். நிலையத்தில் நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் அளவுக்கு 2023-இல் வந்துவிட்டார்கள், அது உண்மையான சாதனை. ஆனால் அங்கே தூசி இல்லை, கால் ஊன்றி நடக்கும் எடை இல்லை, பூமியின் காந்தக் குடையும் இன்னும் மேலே இருக்கிறது. அண்டார்டிக்காவில் கதவைத் திறந்தால் மூச்சுவிடலாம். மூன்று கஷ்டமும் ஒன்றாகச் சேர்வது நிலவில்தான்.

கைத்தட்டல் வாங்கும் பெயர்கள்

சந்திரயான்-3 திட்டத்தை நடத்திய விழுப்புரத்து வீரமுத்துவேல், சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை என்று சொன்னால் மண்டபம் அதிரும். சொல்லட்டும், அதில் தப்பில்லை. ஆனால் பெயரைச் சொன்ன மூச்சிலேயே ஒரு வாதத்தை வைக்க வேண்டும். இந்தியா 2008-இல் நிலவுக்கு அனுப்பி, ஐந்து வருடம் கழித்து 2013 நவம்பரில் மங்கள்யானை அனுப்பியது, அது முதல் முயற்சியிலேயே 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆளில்லாக் கலம்தான், ஆனாலும் வரிசைக்கு உதாரணம். நம் நாட்டு ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் விண்வெளி நிலையம் போய்வந்ததை இழுப்பவர்கள் அதில் என்ன வாதம் இருக்கிறது என்று முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஈலோன் மஸ்க்கை மேற்கோள் காட்டத் தடை. 2025 தொடக்கத்தில் நிலவு கவனச்சிதறல் என்றார். இப்படிப்பட்ட பெரிய ஆட்களின் பேச்சு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அவர்கள் சொல்வதற்குத் தேதி போட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வாரம்

கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் மையத்துக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். வானம் தெளிந்த இரவில் பாடாங் கோத்தா கடற்கரையில் ஒரு பைனாகுலரை வைத்து நிலவின் பள்ளங்களைக் காட்டலாம், முழுநிலா அன்று வேண்டாம், அரைநிலாவில்தான் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். பினாங்கு மேகத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் அணிகளை மாற்றிப் பேசவிடுங்கள். அழுகிற பிள்ளையும் உண்டு, விட்டுவிடாதீர்கள். எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். ‘இருபத்தாறு மாதம்’ என்று தடங்கல் இல்லாமல் வர வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. கூட்டத்திலிருந்து ஒரு தாத்தா கட்டாயம் எழுந்து, ‘இந்தக் காசில் ஏழைகளுக்குச் சோறு போடலாமே’ என்பார். இரண்டு அணிக்கும் பொதுவான கேள்வி, அதனால் யாரும் தயார் செய்திருக்க மாட்டார்கள். ‘நியாயமான கேள்வி, தாத்தா’ என்று தொடங்கட்டும். அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவில் நாசாவுக்குப் போவது அரை விழுக்காட்டுக்கும் கீழே என்று ஒரு வரி. ஏழைக்குச் சோறு போடாததற்கு அந்த அரை விழுக்காடு காரணமா என்று இன்னொரு வரி. அதோடு தலைப்புக்குத் திரும்பிவிடச் சொல்லுங்கள், தாத்தாவிடம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.